நம்ம பிள்ளைக்கு எதுக்கு டீச்சர் மேடை?

"டீச்சர், நம்ம நிலைமைக்கு ஆட்டமும் பாட்டும் எதுக்கு? பிள்ள நாலு மார்க்கு கூட வாங்கட்டும்."

திருவனந்தபுரத்தில் தமிழாசிரியையாக வேலை பார்த்த ஆண்டுகளில், பெற்றோர் ஆசிரியர் கூட்டங்களில் இதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமக்கும் அப்பா சொன்னார். கரமனையில் இட்லி மாவு அரைத்து விற்கும் அம்மா சொன்னார். அந்தச் சொல்லில் பிள்ளைமேல் உள்ள அக்கறை தவிர வேறொன்றும் இல்லை. அவர்களுக்கு எதிராக இதை நான் எழுதவில்லை. அதே வாசகத்தைக் கொள்கையாக்கிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் கலோல்சவம் நெருங்கும்போது தொலைக்காட்சி விவாதங்களிலும் குடியிருப்போர் சங்கக் கூட்டங்களிலும், வெட்கத்தோடு சொல்கிறேன், ஆசிரியர் அறைகளிலும் எழும் குரல் அது. ஏழைப் பிள்ளைக்குத் தேவை பாடம், மேடை வசதியுள்ளவர்களுக்கு, அரசுப் பள்ளி தன் நேரத்தையும் பணத்தையும் இதில் கரைக்கக் கூடாது என்பார்கள். ஏழைப் பிள்ளையின் பெயரைச் சொல்லி ஏழைப் பிள்ளையின் கையிலிருப்பதையே பிடுங்கும் பேச்சு இது.

கலோல்சவத்தை அறியாத தமிழ்நாட்டு வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கேரள மாநிலம் பிறந்தது 1956 நவம்பர் 1. மூன்று மாதம்கூட ஆகவில்லை, 1957 ஜனவரியில் எர்ணாகுளத்தில் மாநிலம் முழுவதிலுமிருந்து பள்ளிப் பிள்ளைகள் கூடி ஆடினார்கள், பாடினார்கள். பொதுக்கல்வி இயக்குநராக இருந்த சி.எஸ். வெங்கடேஸ்வரன், டெல்லியில் பல்கலைக்கழக மாணவர்களின் கலைவிழாவைப் பார்த்துவிட்டு வந்து, இது பள்ளிப் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்று தொடங்கிவைத்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் அமைச்சரவை பதவியேற்றது அந்த ஆண்டு ஏப்ரலில்தான். அரசு அமைவதற்கு முன்பே பிள்ளைகளுக்கு மேடை அமைந்த மாநிலம் அது. இன்று பள்ளி, உபஜில்லா (துணை மாவட்டம்), மாவட்டம், மாநிலம் என்று நான்கு படி ஏறிப் போகும் பெரிய விழா. 63-ஆவது கலோல்சவம் 2025 ஜனவரி 4 முதல் 8 வரை எங்கள் திருவனந்தபுரத்தில் நடந்தது. 25 மேடைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆற்றின் பெயர், 249 போட்டிகள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய கலைத் திருவிழாவை இதன் தங்கை என்று சொல்லலாம்.

இதன்மேல் வைக்கும் முதல் குற்றச்சாட்டு நேரம். ஒத்திகை என்று பிள்ளைகள் வகுப்பை விட்டுப் போய்விடுகிறார்கள், பத்தாம் வகுப்பு கெட்டுப்போகிறது என்கிறார்கள். 2025-ஐயே எடுத்துக்கொள்வோம். கலோல்சவம் ஜனவரி 8-இல் முடிந்தது. எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு மார்ச் 3-இல் தொடங்கியது. தேர்ச்சி 99.5 விழுக்காடு. எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கியவர்கள் 61,449 பேர். இதில் எந்தப் படிப்பு கெட்டது? அந்தத் தேர்ச்சி அள்ளிக் கொடுத்தது, தேறியவர்களில் பலருக்கு ஒரு பத்தி பிழையில்லாமல் எழுத வராது என்று அடுத்த மூச்சில் சொல்வார்கள். சொல்லட்டும், அதில் உண்மை இருக்கிறது. எழுத்துத் தேர்வில் 30 விழுக்காடாவது வாங்கியாக வேண்டும் என்ற விதியை எட்டாம் வகுப்பிலிருந்து 2024-25 கல்வியாண்டில் கேரளம் கொண்டுவந்ததே அதற்காகத்தான். ஆனால் எழுத வராமல் பத்தாம் வகுப்பு வரை வந்த பிள்ளை அத்தனை ஆண்டும் வகுப்பறையில்தான் உட்கார்ந்திருந்தது. ஒப்பனா நடனம் ஆடிக்கொண்டிருந்ததால் அதற்கு எழுத்து வராமல் போகவில்லை. வகுப்பறை பட்ட கடனுக்கு மைதானத்திடம் வட்டி கேட்கிறோம்.

கேட்பதோடு நிற்பதுமில்லை, எடுத்தும் விடுகிறோம். கால அட்டவணையில் விளையாட்டு, ஓவியம், பாட்டு என்று எழுதியிருக்கும். நவம்பர் வந்ததும் அந்த மணி கணக்குக்கோ வேதியியலுக்கோ போய்விடும். கலை, விளையாட்டு வகுப்புகளில் வேறு பாடம் நடத்தக் கூடாது என்று கேரளக் குழந்தைகள் உரிமை ஆணையம் 2023-இல் உத்தரவே போட வேண்டியிருந்தது. தமிழ்நாட்டிலும் விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின், விளையாட்டு வகுப்பைக் கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் கடன் வாங்காதீர்கள் என்று சட்டமன்றத்தில் கேட்டுக்கொண்டார். நானும் அந்தக் கடனை வாங்கியிருக்கிறேன். யாப்பு முடியவில்லை என்று ஒன்பதாம் வகுப்பின் விளையாட்டு மணியை மூன்று வாரம் எடுத்தேன். ஜன்னலுக்கு வெளியே பந்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு அந்த மூன்று வாரமும் நேரசை நிரையசை எதுவும் ஏறவில்லை. பந்தும் போயிற்று, பாடமும் போயிற்று. அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

இனிதான் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பள்ளியில் பாட்டும் நாடகமும் விளையாட்டும் இல்லையென்று வைத்துக்கொள்வோம். அவை ஊரை விட்டே போய்விடுமா? சாஸ்தமங்கலத்திலோ கவடியாரிலோ வசதியான வீட்டுப் பிள்ளைக்கு மாலை ஐந்து மணிக்கு நடன வகுப்பு இருக்கும். சனிக்கிழமை நீச்சல். ஞாயிற்றுக்கிழமை கீபோர்டு. செஸ் சொல்லிக்கொடுக்க வீட்டுக்கே ஆள் வருவார். கோடை விடுமுறையில் நாடகப் பட்டறை. பள்ளி நிறுத்திவிட்டதால் அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் குறையாது. ஒருவேளை மாலை வகுப்புக்குக் கொஞ்சம் சீக்கிரமே போகலாம். சாலைக் கடைத்தெருவில் ஒற்றை அறை வீட்டில், கதவைத் திறந்தால் தெருவே திண்ணையாக இருக்கும் பிள்ளைக்கு? அதற்குக் கம்பு சுற்றவும் கைதட்டு வாங்கவும் இருக்கும் ஒரே இடம் பள்ளி முற்றம். அதை மூடினால் அந்தப் பிள்ளைக்கு எங்கேயும் எதுவும் இல்லை.

மதிய உணவு விஷயத்தில் இது நமக்கு எளிதாகப் புரிகிறது. வசதியுள்ள பிள்ளை வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருகிறது, அதனால் பள்ளியில் சோறு வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. வீட்டில் இல்லாததைத்தான் பள்ளி கொடுக்க வேண்டும் என்று ஒப்புக்கொள்கிறோம். தாளத்துக்கும் அதே நியாயம்தான். வீட்டில் வீணை இருக்கும் பிள்ளையைவிட, பள்ளியின் பழைய செண்டையைத் தவிர வேறு வாத்தியத்தைத் தொட்டறியாத பிள்ளைக்குத்தான் அந்தச் செண்டை வேண்டும். மேடை வசதியுள்ளவர்களுக்கு என்று சொல்பவர்கள் உண்மையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். வெளியே விலைக்கு வாங்கும் மேடை வசதியுள்ளவர்களுக்கு. பள்ளிக்கூடத்து மேடை மற்றவர்களுக்கு.

"அப்படியா? கலோல்சவத்தில் பரதநாட்டியம் ஆட என்ன செலவாகிறது தெரியுமா?" என்று கேட்பார்கள். தெரியும். அதை மறைத்துவிட்டு வாதாட எனக்கு விருப்பமில்லை. பரதம், குச்சிப்புடி, மோகினியாட்டம் போன்ற தனி நடனங்களில் உடை, நகை, ஒப்பனை, பயிற்றுவிக்கும் குரு எல்லாமாகச் சேர்ந்து ஒரு தினக்கூலித் தகப்பனின் பல மாதச் சம்பளத்தை விழுங்கும். கடன் வாங்கி ஆடவைத்த வீடுகளை நான் அறிவேன். மாவட்டத்தில் முதலிடம் கிடைக்காதவர்கள் அப்பீல், நீதிமன்றம் என்று போய் மாநில மேடைக்கு வருவது ஆண்டுதோறும் நடக்கிறது. அதிகப் புள்ளி பெறும் மாணவிக்கும் மாணவனுக்கும் தந்த கலாதிலகம், கலாபிரதிபா பட்டங்களுக்காகப் பெற்றோர் அடித்துக்கொண்டது பொறுக்காமல்தான் அந்தப் பட்டங்களையே ஒழித்தார்கள். ஒழித்ததும் சரி.

ஆனால் போட்டிகள் 249. கட்டுரை எழுதப் பேனா போதும். தனிநடிப்புக்கு ஒரு துண்டுகூட வேண்டாம். மிமிக்ரி, கதாபிரசங்கம், கார்ட்டூன், நாட்டுப்பாட்டு, வஞ்சிப்பாட்டு, பேச்சு என்று வரிசையாகச் சொல்லலாம். மூன்று நடனத்தின் பட்டுச்சேலையைக் காட்டி இருநூற்றுச் சொச்சம் போட்டிகளையும் இழுத்து மூடச் சொல்வது என்ன நியாயம்? செலவு அதிகமென்றால் செலவுக்குக் கடிவாளம் போடுங்கள். அது முடியாத காரியமில்லை என்பதற்குச் சாட்சி 2018. பெருவெள்ளம் வந்த ஆண்டு. கொண்டாட்டம் எதுவும் வேண்டாம், கலோல்சவமும் வேண்டாம் என்றுதான் அரசு முதலில் உத்தரவிட்டது. எதிர்ப்பு எழுந்தது, மனம் மாறினார்கள். டிசம்பர் 7 முதல் 9 வரை ஆலப்புழையில், வெள்ளம் கடுமையாகத் தாக்கிய அதே மாவட்டத்தில், ஆடம்பரமில்லாமல் மூன்றே நாளில் நடத்தி முடித்தார்கள். ஊர்வலம் இல்லையே என்று எந்தப் பிள்ளையின் பாட்டிலும் சுருதி குறையவில்லை. அந்த எளிமையைத் தொடராமல் விட்டதற்காக அரசை யாராவது கண்டித்தால் நானும் அவர்களோடு நிற்பேன்.

2025-இல் எங்கள் ஊரில் நடந்த இன்னொன்றையும் கலோல்சவத்தை எதிர்ப்பவர்கள் பேசுவதில்லை. பழங்குடி மக்களின் ஐந்து கலைகள் அந்த ஆண்டுதான் முதல்முறையாகப் போட்டியில் இடம்பெற்றன: மங்கலம்களி, பணியர் நடனம், இருளர் நடனம், பளியர் நடனம், மலைப்புலையர் ஆட்டம். அறுபதாண்டுக்கு மேல் காத்திருக்க வைத்தது பெரிய பிழை. இருந்தாலும், வயநாட்டுப் பணியர் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளை, தன் பாட்டி முற்றத்தில் ஆடியதைத் தலைநகரில் ஆடியபோது, அங்கே வசதியுள்ள பிள்ளைகள் அதைப் பார்த்துக் கற்க வேண்டியவர்களாக இருந்தார்கள். பளியர்கள் நமக்கும் அண்டை வீட்டார். மேற்குத் தொடர்ச்சி மலையின் இரு பக்கமும் வாழ்பவர்கள். அவர்கள் ஆட்டத்தை ஒரு பள்ளிக்கூடம் மதித்து மேடையேற்றுவது பாடப்புத்தகத்தில் நாலு வரி சேர்ப்பதைவிடப் பெரிய காரியம். நாளைக்கு இந்தக் கலைகளுக்கும் கூலிக்குப் பயிற்றுவிப்பவர்கள் முளைப்பார்கள், அட்டவணைப்படி அடவு பிரித்துவிடுவார்கள் என்ற பயம் எனக்கும் இருக்கிறது. அதைக் கண்காணிப்பது நம் வேலை.

ஒத்திகை அறையில் என்ன நடக்கிறது என்று மேடை வேண்டாம் என வாதம் செய்பவர்கள் பார்த்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பெஞ்சுகளை ஓரம் தள்ளிய வகுப்பறை. நாடகத்துக்கு வசனம் எழுதுகிறவன் கணக்கில் தட்டுத்தடுமாறுகிறவன், கணக்கில் நூறு வாங்குகிறவள் அவனிடம், "இந்த இடத்துல நான் எதுக்குடா அழணும்?" என்று கேட்கிறாள். அவன் விளக்கிச் சொல்கிறான். அதுவரை அந்த வகுப்பில் அவனிடம் யாரும் எதையும் விளக்கச் சொன்னதில்லை. கம்படித்து ஆடும் கோல்களியில் ஒருவன் கம்பைத் தவறவிட்டால் அடுத்தவன் விரலில் அடிபடும்; அதனால் தாளம் வராதவனை எல்லோருமாகச் சேர்ந்து நாள் கணக்கில் பழக்குகிறார்கள். தேர்வில் பக்கத்துப் பிள்ளை தோற்றால் நமக்கு நட்டமில்லை. கோல்களியில் நட்டம் உண்டு. பக்கத்தில் நிற்பவனின் தவறு தன் தவறும்தான் என்பதைக் கற்றுத்தரும் பாடம் நம் பாடத்திட்டத்தில் வேறெங்கே இருக்கிறது?

என்னிடம் எட்டாம் வகுப்பில் ஒரு பெண் படித்தாள். அப்பா சாலைக் கடைத்தெருவில் சுமை தூக்குபவர். வீட்டில் தமிழ், தெருவில் பாதி தமிழ், பாதி மலையாளம். தமிழ் பேசுகிறவர்களை ஏளனமாகப் 'பாண்டி' என்று சொல்லும் வழக்கம் இந்த ஊரில் உண்டு. சிறு வயதில் யாரோ அப்படிக் கேலி செய்ததிலிருந்து அவள் வகுப்பில் வாயே திறப்பதில்லை. பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்பாள், அவ்வளவுதான். கலோல்சவத்தில் தமிழுக்கும் பேச்சுப் போட்டி உண்டு, செய்யுள் சொல்லும் போட்டி உண்டு. பத்யம் சொல்லல் என்று இங்கே பெயர். வற்புறுத்தி அவள் பெயரைக் கொடுத்தேன். ஒரு மாதம், பள்ளி விட்ட பிறகு கிணற்றடியில் நின்று சொல்லிப் பார்த்தாள். உபஜில்லா மேடையில் நடுவில் ஒரு வரி மறந்து, நின்று, மறுபடி பிடித்துச் சொல்லி முடித்தாள். சி கிரேடு. அடுத்த வாரம் மலையாள வகுப்பில் கேள்விக்குக் கையைத் தூக்கினாளாம். மலையாளம் டீச்சர் என்னிடம் ஓடிவந்து சொன்னார். எந்த மாதிரித் தேர்விலும் நான் அவளுக்குக் கொடுத்திருக்க முடியாத ஒன்றை அந்த மறந்துபோன வரி கொடுத்தது. அவள் அப்பாதான் ஆட்டமும் பாட்டும் எதற்கு என்று என்னிடம் கேட்டவர். சான்றிதழை லேமினேட் செய்து சுவரில் மாட்டியிருந்தார்.

இன்னொரு முரணையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் போனிலேயே கிடக்கிறார்கள், போதைப்பொருள் பள்ளி வாசல் வரை வந்துவிட்டது என்று இன்று பதறுபவர்கள், நாளை ஒத்திகையைக் குறை, கிளப்புகளைக் குறை என்கிறார்கள். 2025 ஜூனில் போதைக்கு எதிரான முயற்சியாகக் கேரளப் பள்ளிகளில் ஜூம்பா ஆட வைத்தபோது அதற்கும் சிலர் கொதித்தார்கள். பிள்ளை மாலை நாலு மணிக்கு மேல் எங்கே இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள்? தம்பானூர்ப் பக்கம் விளம்பரப் பலகைகளைப் பார்த்தால் ஒரே பதில்தான்: என்ட்ரன்ஸ் கோச்சிங். ஆனால் 2010-இல் கேரளம் தொடங்கிய மாணவர் போலீஸ் கேடட் திட்டத்தில் காலையில் அணிவகுக்கும் பிள்ளைக்கு ஒரு கூட்டம் இருக்கிறது, ஒழுங்கு இருக்கிறது, தன்னைத் தேடும் ஆள் இருக்கிறார். 2018-இல் வந்த லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் கணினிக் கிளப் இன்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் இருக்கிறது. கேமராவைப் பிடிக்கவும், நிரல் எழுதவும், பள்ளிப் பாராளுமன்றத் தேர்தலன்று கணினியையே வாக்கு இயந்திரமாக்கவும் அரசுப் பள்ளிப் பிள்ளை அங்கேதான் கற்கிறது. வீட்டில் லேப்டாப் இல்லாத பிள்ளைக்கு அது எத்தனை பெரியது என்று லேப்டாப் உள்ள வீட்டிலிருந்து பேசுபவர்களுக்கு எப்படித் தெரியும்?

2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் மலை சரிந்து சூரல்மலையும் முண்டக்கையும் அழிந்தன. வெள்ளார்மலை அரசுப் பள்ளி சிதைந்தது. பிள்ளைகள் பலர் போனார்கள். மிஞ்சியவர்கள் மேப்பாடியில் மாற்றிடத்தில் படித்தார்கள். 2025 ஜனவரி 4 அன்று சென்ட்ரல் ஸ்டேடியத்தில் கலோல்சவம் தொடங்கியபோது, அந்த வெள்ளார்மலைப் பள்ளி மாணவிகள் மேடையேறி ஆடினார்கள். தோழிகளையும் உறவையும் வீட்டையும் இழந்த பிள்ளைகளிடம், உனக்கு இப்போது ஆட்டம் எதற்கு, நாலு மார்க்கு கூட வாங்கு என்று சொல்ல யாருக்கு நாக்கு வரும்? துக்கத்திலிருந்து எழுந்து நிற்க அவர்களுக்குக் கிடைத்த வழி அந்த ஒத்திகை. அவர்களுக்கு அது தேவை என்று ஒப்புக்கொண்டால், தினம் தினம் சிறிய நிலச்சரிவுகள் நடக்கும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு மட்டும் எப்படித் தேவையில்லாமல் போகும்?

என் பக்கத்தில் நிற்பவர்களிடமும் ஒரு சண்டை உண்டு. கலோல்சவத்தைக் காப்பாற்ற அவர்கள் உடனே நட்சத்திரங்களைக் காட்டுவார்கள். 1958-இல் இதே திருவனந்தபுரத்தில் வாய்ப்பாட்டில் முதல் பரிசு வாங்கியவர் கே.ஜே. யேசுதாஸ், மிருதங்கத்தில் முதல் பரிசு பி. ஜெயச்சந்திரன். மஞ்சு வாரியர் இரண்டு முறை கலாதிலகம். தைக்காடு மாடல் பள்ளியில் ஆறாம் வகுப்பிலேயே தொண்ணூறு வயதுக் கிழவராக நடித்துச் சிறந்த நடிகர் பரிசு வாங்கியவர் மோகன்லால். எல்லாம் உண்மை. ஆனால் இந்த வாதம் எதிராளிக்குத்தான் உதவும். "ஒரு யேசுதாஸுக்காக லட்சம் பிள்ளைகளின் நேரமா?" என்று அவர் கேட்டால் பதில் இருக்காது. யேசுதாஸ் எப்படியும் பாடியிருப்பார். மிருதங்கத்தில் பரிசு வாங்கிய ஜெயச்சந்திரன் பிறகு பாடகராகத்தான் தெரியவந்தார். அந்த மேடை அவரிடம் எந்தத் தொழிலையும் ஒப்பந்தம் பேசவில்லை. பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பது ராமானுஜன்களைக் கண்டுபிடிக்கவா? எல்லோருக்கும் கணக்கு வேண்டும் என்பதற்காக. சி கிரேடு வாங்குகிற பிள்ளைக்காக, உபஜில்லாவோடு வீடு திரும்புகிற பிள்ளைக்காக, பள்ளி மேடையில் திரையை இழுத்துவிட்டு ஓரமாக நின்று பார்க்கிற பிள்ளைக்காக இந்த ஏற்பாடு வேண்டும் என்கிறேன்.

2025 ஜனவரி 8 மாலை, சென்ட்ரல் ஸ்டேடியத்தில் புள்ளிப் பலகையைப் பார்த்துக்கொண்டு நானும் கூட்டத்தில் நின்றேன். ஏ கிரேடுக்கு ஐந்து புள்ளி, பி கிரேடுக்கு மூன்று, சி கிரேடுக்கு ஒன்று. ஐந்து நாள் போட்டிகளின் முடிவில் திருச்சூர் 1008, பாலக்காடு 1007. நூற்றுப் பதினேழரைப் பவுன் தங்கக் கோப்பை திருச்சூருக்குப் போயிற்று. பாலக்காட்டுப் பிள்ளைகளில் யாராவது ஒருவர் இன்னும் ஒரே ஒரு சி கிரேடு வாங்கியிருந்தால் இரண்டு மாவட்டமும் சமமாக நின்றிருக்கும்.